ரிமாண்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரம்

2001 ஜூன் 30, விடிவதற்கு வெகுநேரம் முன்பு, நான்கு முறை முதல்வராக இருந்த மு.கருணாநிதி மேம்பாலக் கட்டுமான வழக்கில் கைது செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 77. போலீஸார் அவரைத் தூக்கிச் சென்ற காட்சிகள் சன் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடின. மத்திய அமைச்சர்களாக இருந்த முரசொலி மாறனும் டி.ஆர்.பாலுவும் அன்று கைதானார்கள். முதன்மை அமர்வு நீதிபதியின் வீட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, நீதிமன்றக் காவலில் வைக்கப்பட்ட கருணாநிதி ஜூலை 4 அன்று விடுவிக்கப்பட்டார். சென்னை கோபாலபுரம் என்றதும் அவருடைய வீடு நினைவுக்கு வருவதுபோல, கைது என்றதும் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது.

அந்த வழக்கின் அரசியலை மறுபடி விசாரிப்பது இங்கே என் நோக்கமல்ல. அந்த இரவில் அவருக்காக ஓடிவர கட்சி வழக்கறிஞர்கள் இருந்தார்கள். கேமராக்கள் இருந்தன. டெல்லி வரை கேள்வி கேட்க ஆள்கள் இருந்தார்கள். அத்தனையும் இருந்த ஒருவரையே நள்ளிரவில் அப்படி நடத்த முடிந்தது. அதே கோபாலபுரத்தில், லாயிட்ஸ் சாலைக்கும் பீட்டர்ஸ் சாலைக்கும் நடுவே, கார் ஓட்டுகிறவர்களும் இஸ்திரி போடுகிறவர்களும் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்களும் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பையன் ஒருவனை இரவு பதினொரு மணிக்கு போலீஸார் அழைத்துப்போனால், விடிவதற்குள் அவனுக்காக யார் வருகிறார்கள்? இருபத்தைந்து ஆண்டுகள் ஆகப்போகின்றன. இந்தக் கேள்விக்கு இன்னும் நேரான பதில் இல்லை.

அப்படிப்பட்ட இரவில் நடப்பது பலருக்கும் தெரியும். “சும்மா விசாரணைக்குத்தாம்மா, காலையில அனுப்பிடுவோம்” என்பார்கள். எந்த நிலையம் என்றுகூடச் சில நேரம் சொல்வதில்லை. ராயப்பேட்டையா, தேனாம்பேட்டையா, மயிலாப்பூரா என்று குடும்பம் அலையும். முதலில் தேடுவது வட்டச் செயலாளரை. அடுத்து, தெரிந்த ஏட்டு யாராவது இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். அதற்கும் அடுத்து முதலாளியம்மாவிடம் சொல்லி அழுவார்கள். வக்கீல் என்ற எண்ணம் கடைசியில்தான் வரும். அப்போதும் யாராவது தடுத்துவிடுவார்கள்: “இப்பவே வக்கீல் வெச்சா அய்யா கோபப்படுவாரு. கேஸ் பெரிசாயிடும்.”

இந்த ஒரு வாக்கியம் எத்தனையோ இளைஞர்களின் வாழ்க்கையைக் கெடுத்திருக்கிறது. வக்கீல் வந்தால் கேஸ் பெரிதாகாது, எழுதப்படாமல் இருந்தது எழுதப்படும். எத்தனை மணிக்கு அழைத்துவரப்பட்டான் என்பது பதிவாகும். உடம்பில் காயம் உண்டா இல்லையா என்பது பதிவாகும். கைதுக் குறிப்பாணையில் சாட்சியின் கையெழுத்து வந்துசேரும். ‘விசாரணை’ என்ற பெயரில் கணக்கில் வராமல் கழியும் மணி நேரங்கள்தாம் ஆபத்தானவை. 2025 ஜூன் கடைசியில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் நகை காணாமல்போன புகாரில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, போலீஸ் பிடியில் தாக்கப்பட்டு உயிரிழந்தார். வயது 27. சட்டத்தின் கண்ணில் ‘கைதானவர்’ என்ற பெயர்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

கைது என்று பெயர் வந்தாலும் வக்கீல் உள்ளே போக முடிந்தால்தான் பயன். 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் இருந்தபோது, நண்பர்களும் வழக்கறிஞர்களும் வாசலில்தான் நின்றார்கள். மறுநாள் இருவரும் நீதித்துறை நடுவர் உத்தரவின்படி ரிமாண்ட் செய்யப்பட்டு கோவில்பட்டி கிளைச்சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மூன்று நாள்களுக்குள் இருவரும் இறந்துபோனார்கள். அந்த ரிமாண்ட் நேரத்தில் அவர்கள் பக்கம் நின்று, “அய்யா, இவர்களுடைய உடையைப் பாருங்கள், காயத்தைப் பாருங்கள்” என்று நடுவரிடம் சொல்ல ஒரு குரல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

சட்டம் இந்த விஷயத்தில் ஏழைக்கு எதிராக இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 22(1) பிரிவு, கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையை 1950 முதலே தந்திருக்கிறது. ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி வழக்கில் 1978-ல் தீர்ப்பெழுதிய நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், போலீஸ் விசாரணையின்போதே வக்கீல் அருகில் இருக்க அனுமதிக்க வேண்டும் என்றார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 38-வது பிரிவும் விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம் என்கிறது. விசாரணை முடியும்வரை கூடவே இருக்க முடியாது, அவ்வளவுதான். கைதான 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன்பு நிறுத்த வேண்டும். பெண்ணை, விதிவிலக்கான சூழல் தவிர, சூரியன் மறைந்தபின் கைது செய்யக் கூடாது. கைது விவரத்தை உறவினர் ஒருவருக்குச் சொல்லியாக வேண்டும்.

2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி முன்னே போனது. மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் வந்த அந்தத் தீர்ப்பின்படி, எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும். உடனே எழுத்தில் தர முடியாத நிலையில் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்காக நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். தவறினால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதமாகிவிடும்.

இந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் கவலையும் சேர்ந்தே வந்தன. தமிழில் எழுதிய தாள் கையில் இருக்கிறது. இரண்டு மணி நேரமும் இருக்கிறது. அதைப் படித்து, “இந்தப் பிரிவுக்கு ஏழு ஆண்டுக்குள்தானே தண்டனை, நோட்டீஸ் கொடுத்தாலே போதுமே, கைது எதற்கு?” என்று கேட்க யார் இருக்கிறார்கள்? அதைக் கேட்கத் தெரிந்தவர் வக்கீல். அர்னேஷ்குமார் வழக்கில் 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொன்ன விதி அது. பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது தெரியாது, அவன் அம்மாவுக்கும் தெரியாது. தாள் கொடுக்கச் சொன்ன நீதிமன்றத்தின் நோக்கம் நிறைவேற, அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு வக்கீல் அங்கே இருந்தாக வேண்டும்.

ரிமாண்ட் என்பதை வெறும் கையெழுத்துச் சடங்காகவே நம் ஊரில் நினைக்கிறார்கள். எழும்பூர், சைதாப்பேட்டை நீதிமன்றங்களுக்கோ, விடுமுறை நாளென்றால் நடுவரின் வீட்டுக்கோ அழைத்துப்போவார்கள். சில நிமிடத்தில் பதினைந்து நாள் காவல், அங்கிருந்து வேனில் புழல். அந்தச் சில நிமிடத்தில் விவரம் தெரிந்த வக்கீல் செய்யக்கூடியது நிறைய. கைது நேரத்துக்கும் ஆஜர்படுத்திய நேரத்துக்கும் இடையே 24 மணி நேரம் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பார். ஜாமீனில் விடக்கூடிய குற்றமா என்று பார்ப்பார். அப்படியானால் நிலையத்திலேயே விட்டிருக்க வேண்டும். காயம் இருந்தால் மருத்துவப் பரிசோதனை கேட்பார். பையனுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் பள்ளிச் சான்றிதழைக் காட்டி இளைஞர் நீதி வாரியத்துக்கு அனுப்பச் சொல்வார். ‘கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது’ என்று காகிதத்தில் வருவதற்கு முன்பே, கை நன்றாக இருந்ததை நீதிமன்றப் பதிவில் ஏற்றிவைப்பார். இவை எதற்கும் பெரிய சட்ட மேதைமை தேவையில்லை. நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும்.

அதற்குப் பிறகும் வேலை முடிவதில்லை. புதிய சட்டத்தில் 15 நாள் போலீஸ் காவலை ஒரே மூச்சில் கேட்க வேண்டியதில்லை. குற்றத்தைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாள்களுக்குள் துண்டு துண்டாகக் கேட்கலாம். சிறைக்குப் போய்விட்டான், இனி அடி விழாது என்று குடும்பம் நிம்மதி அடைந்த பிறகும் போலீஸார் காவலில் எடுக்க முடியும். 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் கெடு முடிந்ததும், குற்றப்பத்திரிகை வந்துசேர்வதற்குள் மனு போட்டாக வேண்டும். நாள்களை எண்ணிக்கொண்டிருக்கும் வக்கீல் இல்லையென்றால் அந்த உரிமை ஒரே பகலில் கைநழுவிப் போகும்.

சரி, வக்கீலை எங்கே தேடுவது? மயிலாப்பூரும் கோபாலபுரமும் வக்கீல்களின் ஊர். ஒரு காலத்தில் மதராஸ் அரசியலையே ‘மயிலாப்பூர் கோஷ்டி’, ‘எழும்பூர் கோஷ்டி’ என்று வக்கீல்களை வைத்துப் பிரித்துப் பேசினார்கள். இன்றும் தெருவுக்கு நாலு பெயர்ப் பலகை உண்டு. அவர்களில் பலர் சொத்து வழக்கும் கம்பெனி வழக்கும் நடத்துகிறவர்கள். ரிமாண்ட் கோர்ட்டில் நிற்பவர் யார், புழலுக்கு நேர்காணல் மனு போட்டுப் போகிறவர் யார் என்பது அந்தப் பலகையைப் பார்த்தால் தெரியாது. இந்திய வழக்கறிஞர் மன்ற விதிப்படி வக்கீல்கள் விளம்பரமும் செய்யக் கூடாது. அது நல்ல விதிதான். ஆனால் அந்த வெற்றிடத்தில் தரகர்கள் புகுந்துவிட்டார்கள். நீதிமன்ற வாசலில் நிற்கும் ஆள், நிலையத்திலேயே ‘நம்ம வக்கீல் ஒருத்தர் இருக்காரு’ என்று சொல்லும் ஆள், சிறைக்குள்ளிருந்து வரும் சிபாரிசு என்று பல வடிவங்கள். 2023-ல் வழக்கறிஞர் சட்டத்தைத் திருத்தி, இப்படிப்பட்ட தரகர்களின் பட்டியலை நீதிமன்றங்கள் வெளியிட வழிசெய்திருக்கிறார்கள். ஆனால் மகனைத் தேடி நள்ளிரவில் அலையும் தாய் பட்டியலைப் பார்த்துவிட்டா பேசுவாள்?

ஆகவே சில விஷயங்களை நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்களைப் பிடித்த போலீஸ்காரர் சிபாரிசு செய்யும் வக்கீலை வைக்காதீர்கள். ‘மாஜிஸ்ட்ரேட் நமக்கு வேண்டியவர்’, ‘நாளைக்கே வெளியே எடுத்துடறேன், இல்லேன்னா பணம் வாபஸ்’ என்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். முடிவை வைத்து ஃபீஸ் பேசுவதே தொழில் விதிப்படி தவறு. பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு, புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு பெற்ற எவரும் அதைச் சொல்லத் தயங்க மாட்டார். ரிமாண்டுக்கு எவ்வளவு, ஜாமீன் மனுவுக்கு எவ்வளவு, வழக்கு முழுவதற்கும் எவ்வளவு என்று தனித்தனியாகப் பேசி, கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள். வக்காலத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத்தாளில் போடாதீர்கள். தாலியையும் வண்டியையும் அடகு வைத்து முதல் நாளே மொத்தப் பணத்தையும் கொட்டிவிட வேண்டாம்; ஜாமீனுக்குப் பிறகுதான் வழக்கே தொடங்குகிறது. வக்கீல் சரியில்லை என்றால் மாற்றலாம். பாக்கி ஃபீஸுக்காகக் கேஸ் கட்டைப் பிடித்துவைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. காவலில் இருக்கும் எவருக்கும் அரசு செலவில் வக்கீல் உண்டு. வருமான வரம்பு கிடையாது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-ன் 12-வது பிரிவு பெண்களையும், குழந்தைகளையும், பட்டியலினத்தவரையும், பழங்குடியினரையும்போலவே காவலில் உள்ளவர்களையும் வருமானம் பார்க்காமல் தகுதியுடையவர்களாக்கியிருக்கிறது. சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில்தான் ஆணைக்குழு இயங்குகிறது. இந்த உரிமை எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஒரு சான்று: மும்பைத் தாக்குதல் வழக்கில் அஜ்மல் கசாபின் தூக்கு தண்டனையை உறுதிசெய்த அதே 2012 தீர்ப்பில், முதன்முறை ஆஜர்படுத்தும்போதே இலவச வக்கீல் பற்றிச் சொல்வது நடுவரின் கடமை, தவறினால் துறை நடவடிக்கை வரும் என்றது உச்ச நீதிமன்றம்.

இருந்தும் ‘இலவச வக்கீலா, அவர் என்ன பேசுவார்?’ என்ற எண்ணம் நம் மக்களிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆணைக்குழுவின் பட்டியலில் இருந்த வக்கீலுக்குச் சொற்பப் பணம். சொந்தக் கட்சிக்காரரின் வழக்கு ஒரு கோர்ட்டில், இந்த வழக்கு இன்னொரு கோர்ட்டில் என்றால் அவர் எங்கே ஓடுவார் என்று தெரியாதா? 2022-ல் தேசிய ஆணைக்குழு கொண்டுவந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டம் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கப் பார்க்கிறது. அரசு வழக்கறிஞருக்கு எதிரே, தனி வழக்கு எடுக்காத முழு நேரப் பாதுகாப்பு வழக்கறிஞர்கள். கைதுக்கு முன்பும், கைதின்போதும், ரிமாண்டிலும் உதவ வேண்டும் என்று 2019-லேயே நெறிமுறையும் வகுத்திருக்கிறார்கள். காகிதத்தில் எல்லாம் சரி. நிலைய வாசலுக்கு அது வந்துசேரவில்லை என்பதுதான் என் குறை.

தாமதமாக வரும் வக்கீல் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் இழந்ததை மீட்டுத்தர முடியாது என்பதற்கு இந்த நகரமே சாட்சி. 1944 நவம்பரில் வேப்பேரியில் ‘இந்து நேசன்’ ஆசிரியர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். தமிழ்நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரமான எம்.கே.தியாகராஜ பாகவதரும், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் அடுத்த மாதம் கைதானார்கள். 1945-ல் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு தள்ளுபடி. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி விசாரிக்கும்படி உத்தரவு வாங்கி, சென்னை உயர் நீதிமன்றத்தில் வி.எல்.எத்திராஜ் வாதாடி 1947 ஏப்ரலில்தான் இருவரும் விடுதலையானார்கள். எத்திராஜ் மாமேதை, அவர் பெயரில் இன்றும் எழும்பூரில் மகளிர் கல்லூரி நிற்கிறது. ஆனால் சிறையில் கழிந்த இரண்டு ஆண்டுகளுக்கு மேலான காலமும் செலவான செல்வமும் திரும்பவில்லை. பாகவதரின் திரை வாழ்வு பழைய உயரத்தை மறுபடி எட்டவே இல்லை. பணமும் புகழும் கொண்டவர்களுக்கே இந்த நிலை. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். அவர்களில் பெரும்பாலோருக்கு எத்திராஜும் இல்லை, பிரிவி கவுன்சிலும் இல்லை.

‘குற்றவாளிக்கு ஏன் வக்கீல்?’ என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018-ல் அயனாவரத்தில் சிறுமி ஒருத்திக்கு நேர்ந்த கொடுமையைக் கேட்டு ஊரே கொதித்தது. கைதான 17 பேரை நீதிமன்ற வளாகத்திலேயே வழக்கறிஞர்கள் சிலர் தாக்கினார்கள். இவர்களுக்காக யாரும் ஆஜராக மாட்டோம் என்று அறிவிப்பும் வந்தது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, எனக்கும் இருந்தது. ஆனாலும் வழக்கு நடந்தது, வாதம் நடந்தது. 2020-ல் 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது. விசாரணையின்போதே ஒருவர் இறந்திருந்தார். ஒருவர் விடுதலையானார். அந்த ஒருவருக்காகத்தான் எதிர்வாதம் வேண்டும். அந்த 15 பேரின் தண்டனை உறுதியாக நிற்பதற்கும் அதே எதிர்வாதம்தான் வேண்டும். கோவையில் வழக்கறிஞருக்கும் போலீஸாருக்கும் இடையே எழுந்த பிரச்சினையில், குற்றம் சாட்டப்பட்ட போலீஸாருக்காக ஆஜராக மாட்டோம் என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. அது செல்லாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் ஏ.எஸ்.முகமது ரஃபி வழக்கில் சொன்னது. வக்கீல் உரிமை இன்று போலீஸாருக்கும் தேவைப்படும், நாளை வக்கீலுக்கும் தேவைப்படும்.

குண்டர் சட்டத்தையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. 1982-ம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். அந்தக் காவலைப் பரிசீலிக்கும் அறிவுரைக் குழுமத்தின் முன் வக்கீல் வைத்து வாதாடும் உரிமை கிடையாது. முதல் வழக்கிலேயே நல்ல எதிர்வாதம் இருந்திருந்தால் ‘குண்டாஸ்’ வரை போயிருக்காத இளைஞர்கள் வடசென்னையிலும் தென்சென்னையிலும் எத்தனையோ பேர்.

தமிழ்நாடு அரசிடமும் உயர் நீதிமன்றத்திடமும் நான் கேட்பது ஒன்றுதான். காவல் நிலையத்துக்கு ஒரு முறைப்பணி வழக்கறிஞர். யாரையாவது நிலையத்துக்குள் அழைத்துவந்த அந்த நேரத்திலேயே, ‘விசாரணை’ என்றாலும் ‘கைது’ என்றாலும், அவருக்குத் தகவல் போக வேண்டும். தகவல் போன நேரம் நிலையப் பதிவேட்டில் ஏற வேண்டும். ரிமாண்ட் கேட்டு வரும் ஆய்வாளரிடம் நடுவர் முதலில் அந்தப் பதிவைத்தான் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் 1984-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, காவல் நிலையத்தில் வைக்கப்பட்ட எவரும் இரவானாலும் பகலானாலும் கட்டணமின்றி வழக்கறிஞரைக் கேட்கலாம். நாற்பது ஆண்டுகளாக அங்கே நடக்கிறது. அதனால் போலீஸின் கை ஒடுங்கிப்போகவில்லை. சென்னையில் இளம் வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை. ஆண்டுதோறும் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளிலிருந்து வெளியே வருகிறவர்களுக்குக் கண்ணியமான சம்பளம் கொடுத்து இந்தப் பணியில் அமர்த்தினால் இரு பக்கமும் பயன். முதலில் சென்னைக் காவல் ஆணையர் எல்லைக்குள் செய்து பார்க்கலாம்.

அது வரும்வரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண் 15100. உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவிடம், அடுக்குமாடிக் காவலாளியிடம், ஓட்டுநரிடம் இன்றே அந்த எண்ணைச் சொல்லி, அவர்கள் செல்பேசியில் பதிந்துகொடுங்கள். அவர்கள் பிள்ளைகளை யாராவது இரவில் அழைத்துப்போனால் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டத் தயங்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.